சவேரியாருக்குப் போன கடிதங்கள்

1545 ஜனவரி 27ஆம் நாள் கொச்சியிலிருந்து ரோமில் இருக்கும் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் சவேரியார் ஒரு கணக்குச் சொல்கிறார். போர்த்துக்கலை விட்டு வந்து நான்கு ஆண்டு ஆகிறது. இத்தனை நாளில் ரோமிலிருந்து ஒரே ஒரு முறைதான் கடிதம் வந்தது. போர்த்துக்கலிலிருந்து தோழர் சிமோன் ரொட்ரிகஸ் எழுதியவை இரண்டு வந்தன. நீங்கள் எழுதாமல் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும், நானும் ஆண்டுதோறும் எழுதுகிறேன், உங்கள் கடிதம் எனக்கு வராததுபோல என் கடிதமும் உங்களுக்கு வரவில்லையோ என்றுதான் சந்தேகமாக இருக்கிறது என்று தொடர்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சேதி தெரியவேண்டும் என்று கேட்கிறார்.

அந்தக் கடிதம் வரலாற்றில் இடம்பெற்றது வேறு காரணத்துக்காக. திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்த செய்தி அதில்தான் இருக்கிறது. மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களை யாழ்ப்பாண அரசன் கொன்ற செய்தியும் அதில் உண்டு. ஆகவே சவேரியாரைப் படிப்பவர்கள் அந்த இடங்களில் நின்று அடிக்கோடு போடுகிறார்கள். கடிதம் வரவில்லை என்ற ஏக்கத்தை முன்னுரைபோலத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கண் அந்த முன்னுரையிலேயே நிற்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே போன செய்திகளைப் பற்றி நூலகம் நிறைய எழுதியாகிவிட்டது. மேற்கிலிருந்து கிழக்கே, அவருக்கென்று போன செய்திகள் என்ன ஆயின? கடல் கடந்து போன ஒரு குருவானவரை நேசித்தவர்கள் அவருக்கு எதை எழுதினார்கள், அவர் எதைக் கேட்டார், எதைக் கையில் வைத்துக்கொண்டார்? இந்தக் கேள்வியோடு அவர் கடிதங்களைத் திரும்பப் படித்தால், கோட்டாறு கோயில் பீடத்தில் நிற்கும் சுரூபத்தைவிட மிகவும் பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர் தெரிகிறார்.

முதலில் அவருடைய ஊர் எது என்று பார்க்கவேண்டும். நவார் நாட்டிலுள்ள சவியேர் கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பனார் இறந்தார். நவாரைக் காஸ்டீல் விழுங்கிய காலம் அது. 1516இல் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடிக்கும்படி உத்தரவு வந்தது, இடித்தார்கள். 1521 போரில் அண்ணன்மார் இருவரும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து போரிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் பம்ப்லோனா கோட்டையைக் காத்து நின்று காலில் குண்டடி பட்டவர்தான் பின்னாளில் சவேரியாரின் ஆன்மீகத் தந்தையான லொயோலா இஞ்ஞாசியார். 1525இல் படிப்புக்காகப் பாரீஸ் போன சவேரியார் பிறகு அந்த வீட்டில் வாழவே இல்லை. தாயார் 1529இல் காலமானார். 1540இல் ரோமிலிருந்து லிஸ்பன் போகும் வழியில், பெற்ற தாயைக்கூடப் பார்க்காமல் கோட்டையைக் கடந்து போனார் என்று பழைய புனிதர் சரித்திரங்கள் உருக்கமாகச் சொல்லும். பிரசங்கங்களிலும் அது ஏறிவிட்டது. தாயார் இறந்து அப்போது பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. துறவின் மேன்மையைக் காட்ட ஒரு தாயைப் பதினோரு ஆண்டு கூடுதலாக உயிரோடு வைத்த இந்தக் கதையை விட்டுவிடுவதுதான் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் மரியாதை.

அவர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்துள்ள முதல் கடிதமே ஊர்ச் செய்தி பற்றியதுதான். 1535 மார்ச் 25 அன்று பாரீஸிலிருந்து அண்ணன் ஹுவானுக்கு எழுதியது. பாரீஸில் தம்பி யாரோடு சேர்ந்து திரிகிறான் என்று யாரோ போய் வீட்டில் வத்தி வைத்துவிட்டார்கள். சொன்னதெல்லாம் பொய், இஞ்ஞாசியார் எனக்குச் செய்த உதவிக்கு ஆயுள் முழுக்க ஈடுசெய்ய முடியாது என்று எழுதி, அந்தக் கடிதத்தை இஞ்ஞாசியார் கையிலேயே கொடுத்தனுப்பினார். குற்றம் சாட்டப்பட்டவரே தபால்காரராகப் போனார். அண்ணன் நேரில் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்ற நம்பிக்கை. இந்தியாவிலிருந்து அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கோட்டையும் தாயும் போன பிறகு அவருக்கு ஊர் என்று இருந்தது பாரீஸில் சான்ட் பார்ப் கல்லூரி அறையில் உடன் தங்கியவர்கள்தாம்: பீட்டர் ஃபேபர், பிறகு இஞ்ஞாசியார், அவர்களைத் தொடர்ந்து வந்த மற்றவர்கள். 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் சேர்ந்து வாக்குக் கொடுத்த அந்த ஏழு பேர்தாம் அவருடைய தெருவும் உறவும்.

அந்த ஊரையும் அவர் விட்டுக் கிளம்பிய வேகத்தைக் கவனிக்கவேண்டும். இந்தியாவுக்குப் போகவேண்டியவர் வேறொருவர். அவர் நோயில் விழவே, ஓரிரு நாள் அவகாசத்தில் சவேரியார் 1540 மார்ச் நடுவில் ரோமை விட்டார். இவர்கள் தொடங்கிய இயேசு சபைக்குத் திருத்தந்தையின் எழுத்துமூல ஒப்புதலே அப்போது கிடைத்திருக்கவில்லை, செப்டம்பர் 27இல்தான் கிடைத்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தாம் இருக்கமாட்டோம் என்று தெரிந்து, தம் வாக்கை எழுதி முத்திரையிட்டு வைத்துவிட்டுப் போனார். வாக்கு இஞ்ஞாசியாருக்கு. அவர் காலத்துக்குப் பிறகு ஃபேபருக்கு என்றும் அதில் எழுதியிருந்தார். 1541 ஏப்ரல் 7, தம்முடைய முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், புதிய ஆளுநர் மார்த்தீம் அஃபோன்சோ டி சூசாவின் கப்பலில் லிஸ்பனை விட்டார். மறுநாள் ஏப்ரல் 8 அன்று ரோமில் அந்த வாக்குகள் பிரிக்கப்பட்டன. தம் வாக்கு வென்றதா என்று அறிய அவர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. கப்பல் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கியது. 1542 மே 6இல் கோவா. அக்டோபரில் முத்துக்குளித்துறை. 1543இன் கடைசியில் கோவா திரும்பியபோதுதான் ரோமின் சேதி அவர் கைக்கு வந்தது: இஞ்ஞாசியார் தலைவர், மற்றவர்கள் அவர் முன் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டார்கள். தாமும் கோவா ஆயர் முன்னிலையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்த வார்த்தைப்பாட்டின் எழுத்து கட்டுரையில் இன்னொருமுறை வரும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் யாருடைய மறதியும் இல்லை, காற்று. லிஸ்பனிலிருந்து இந்தியக் கப்பல்கள் மார்ச்சில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பினால்தான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தென்மேற்குக் காற்றைப் பிடித்து செப்டம்பர் வாக்கில் கோவா வரமுடியும். திரும்பும் கப்பல்கள் மிளகு ஏற்றிக்கொண்டு கொச்சியிலிருந்து டிசம்பர், ஜனவரியில் கிளம்பும். சவேரியார் ஐரோப்பாவுக்கு எழுதிய பெரிய கடிதங்களின் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1544 ஜனவரி 15, 1545 ஜனவரி 27, 1548 ஜனவரி 20, 1549 ஜனவரி 12, 1552 ஜனவரி 29. எல்லாம் கொச்சி, எல்லாம் ஜனவரி. மனம் வந்தபோது எழுதியவை அல்ல அவை. மிளகுக் கப்பல் நங்கூரம் எடுப்பதற்குள் எழுதி முடித்தவை. ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெற எல்லாம் கூடிவந்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். கப்பல் மூழ்கலாம் என்பதால் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து முதல் வழி, இரண்டாம் வழி என்று குறித்து வெவ்வேறு கப்பல்களில் போடுவது சபையின் வழக்கம். அப்படியும் நான்கு ஆண்டில் ரோமிலிருந்து ஒரு முறை.

ரோமிலிருந்து என்ன எழுதினார்கள் என்பதை அறிய இஞ்ஞாசியாரின் கடித ஒழுங்கைப் பார்க்கவேண்டும். 1542 டிசம்பர் 10 அன்று ஃபேபருக்கு எழுதிய கடிதத்தில் அதை விரிவாகச் சொல்கிறார். முதன்மைக் கடிதம் ஒன்று வேண்டும். அதில் யாருக்கும் காட்டக்கூடிய, படிப்பவர் பக்தி கொள்ளும்படியான செய்திகளே இருக்கவேண்டும். ஒருமுறை எழுதி, திருத்தி, மறுபடி நல்லபடியாக எழுதவேண்டும். மற்ற சேதிகளை, உடம்புக்கு முடியாதது, ஒருவரைப் பற்றிய விசாரம், மனத்தில் அவ்வப்போது தோன்றுவது எல்லாவற்றையும், தனித்தாளில் எழுதி உள்ளே வைக்கவேண்டும். கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறார். நண்பர்களும் பெரிய மனிதர்களும் வந்து கடிதத்தைக் காட்டும்படி கேட்கிறார்கள். எல்லாம் கலந்து கிடப்பதால் காட்டவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. 1547இல் செயலரான பொலாங்கோ இந்த ஒழுங்கை இன்னும் இறுக்கினார். அந்த ஆண்டு ஜூலையில் சபை முழுவதற்கும் அனுப்பிய மடலில் ஏன் கடிதம் எழுதவேண்டும் என்பதற்கு இருபது காரணங்களை அடுக்கினார். பிறகு சபையின் சட்டத்தொகுப்பிலேயே, சிதறிக் கிடப்பவர்களின் மனங்களை இணைக்கும் வழிகளில் ஒன்றாகக் கடிதப் போக்குவரத்து இடம்பெற்றது.

காட்டும் கடிதமும் உள்தாளும் என்ற இந்தப் பிரிவினைதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டும் கடிதம் ஊருக்கானது. பிரதி எடுக்கப்படும், உணவறையில் உரக்க வாசிக்கப்படும், அச்சேறும். சவேரியார் 1544 ஜனவரியில் எழுதிய கடிதம் அடுத்த ஆண்டே பாரீஸில் அச்சானது. உள்தாள் ஒரே ஒருவருக்கானது. படித்து முடித்தால் அதன் வேலை முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு மனிதருக்கு நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கத் தோன்றுவது எந்தத் தாள் என்று சொல்லவேண்டியதில்லை. இந்த ஒழுங்கை சவேரியார் எதிர்க்கவில்லை, தாமும் அதையே கற்பித்தார். 1549இல் ஓர்மூசுக்குப் போகும் சபைத் தோழர் பார்சேயுசுக்குக் கொடுத்த அறிவுரையில், கடிதம் பலர் கைக்குப் போகும் என்பதை மனத்தில் வைத்து, யாரையும் நோகடிக்காமல், பயன் தருவதை மட்டும் எழுதச் சொல்கிறார். ஆனால் அவரே கேட்கும்போது வேறு குரல் வருகிறது. ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் ஆகியிருக்கிறீர்கள் என்று ஆள் ஆளாகக் கேட்கிறார்.

1546 மே 10 அன்று அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்துக்கு வருவோம். மொலுக்காஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது அம்போன், கிராம்பு விளையும் கடல்வெளி. அங்கே வந்து சேர்ந்திருந்த ஸ்பானியக் கப்பற்படையின் நோயாளிகளைப் பல வாரம் பராமரித்து முடித்திருந்தார். அந்தப் படையின் தலைவர் வில்யலோபோஸ் அங்கேயே அவர் கண்முன் இறந்திருந்தார். அடுத்து மோரோ தீவுகளுக்குப் போகத் தீர்மானித்திருந்தார். அங்கே உணவிலும் குடிநீரிலும் நஞ்சு வைத்துக் கொல்வார்கள் என்று பேச்சு. போகவேண்டாம் என்று அன்பர்கள் அழுதார்கள். கேட்கமாட்டார் என்றானதும் ஆளுக்கு ஒரு நச்சுமுறி மருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மருந்தைக் கையில் வாங்கினால் இல்லாத பயத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டும் என்று ஒன்றையும் வாங்கவில்லை.

அதே கடிதத்தில் ரோமிலுள்ள தோழர்களுக்கு இன்னொன்றைத் தெரிவிக்கிறார். உங்கள் நினைவு ஒருபோதும் நீங்காமல் இருப்பதற்காக, நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களிலிருந்து உங்கள் கையால் எழுதிய உங்கள் பெயர்களை எடுத்து, நான் கொடுத்த வார்த்தைப்பாட்டின் எழுத்தோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருக்கிறேன், அதனால் எனக்குக் கிடைக்கும் ஆறுதலுக்காக என்கிறார்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ரோமிலிருந்து வந்த கடிதத்தில் சபையின் வளர்ச்சி, திருத்தந்தையின் தயவு, புதுக் கல்லூரிகள் என்று பெரிய செய்திகள் இருந்திருக்கும். அவற்றைப் படித்து மகிழ்ந்தார், உடனிருந்தவர்களுக்கும் சொன்னார். நறுக்கி எடுத்து வைத்துக்கொண்டது கையொப்பத்தை. செய்தி பழசாகிவிடும். அம்போனில் அதைப் படிக்கும்போதே அது இரண்டு ஆண்டுப் பழசு. கையெழுத்து அப்படியில்லை. ஒவ்வொருவரும் பேனாவை அழுத்தும் விதம், எழுத்தைச் சுழிக்கும் விதம் பாரீஸ் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியபோது பார்த்தது. நச்சுமுறியைச் சுமையென்று ஒதுக்கியவர் இந்தத் தாள் துண்டுகளைத் தீவு தீவாகச் சுமந்தார். நாம் கடல் கடந்து இருப்பவர்களுக்கு எழுதும்போது என்ன நடந்தது என்பதையே எழுதித் தீர்க்கிறோம். எழுதுவது யார் என்பதும் அவர்களுக்குத் தேவையான செய்திதான் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பெயர்க்காரர்களில் ஒருவர் அப்போது வாழ்வின் கடைசி மாதங்களில் இருந்தார். பீட்டர் ஃபேபர் 1546 ஆகஸ்டு 1 அன்று ரோமில் இறந்தார். ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள் இருவரும். ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். முத்திரையிட்ட வாக்குச் சீட்டில் இரண்டாவதாக எழுதிய பெயர் அவருடையது. 1548 ஜனவரி 20 கடிதத்தில் சவேரியார் மலாக்காவிலிருந்து கொச்சி வரும் வழியில் சிக்கிய புயலை விவரிக்கிறார். யார் யாரையெல்லாம் துணைக்கு அழைத்தேன் என்று வரிசை சொல்கிறார். முதலில் உயிரோடிருக்கும் சபையார் அனைவரும். பிறகு இறந்தவர்கள், அவர்களில் ஃபேபரின் ஆன்மா. துக்கச் செய்தி வந்ததைப் பற்றித் தனியே புலம்பல் அங்கே இல்லை. ஒரு பெயர் உயிருள்ளவர்கள் வரிசையிலிருந்து மற்ற வரிசைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடல் கடந்து வாழ்பவர்களுக்குச் சாவுச் செய்தி போய்ச்சேர்ந்த பிறகு அதுதான் நடக்கிறது. அடக்கத்துக்கும் போகமுடியாது, முப்பதாம் நாளுக்கும் போகமுடியாது. ஜெபத்தில் பெயரை இடம் மாற்றி வைக்கலாம்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1544இல் சவேரியார் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, வேறு ஊரில் இருந்த உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய இருபதுக்கு மேற்பட்ட சிறு கடிதங்கள் கிடைத்துள்ளன. மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், தூத்துக்குடி என்று அவற்றின் தலைப்பில் நாம் பேருந்தில் கடக்கும் பெயர்களே வரும். அவர் எழுதியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இவை. அச்சுக்கு, அரசனுக்கு, உணவறை வாசிப்புக்கு என்று எந்த எண்ணமும் இல்லாமல் எழுதியவை. கோயில் வேலை எதுவரை வந்தது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவருக்குப் பணம் கொடுத்தாயிற்றா, கள்ளும் சாராயமும் எப்படி இருக்கிறது, உன் உடம்பு எப்படி இருக்கிறது. மத்தேயு என்ற பையன் இவற்றில் அடிக்கடி வருகிறான். மான்சிலாசோடு இருந்து ஜெபங்களை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். நல்ல பிள்ளையாக இருக்கச் சொல், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லச் சொல், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவனுக்குச் சேதி போகிறது. கடிதத்துக்குக் கடிதம் அந்தக் கிறிஸ்தவர்களைப் பற்றி விரிவாக எழுது என்ற வேண்டுதலும் போகிறது.

அதே ஆண்டு ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவ ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடக்கிறார்கள் என்று மணப்பாட்டில் சேதி கிடைத்தது. இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறேன் என்று மான்சிலாசுக்கு எழுதினார். காற்று எதிர்த்து அடித்ததால் கடல்வழியாகப் போய்ச்சேர முடியாமல், பிறகு கரைவழியே நடந்து போனார். ரோமிலிருந்து வரும் செய்தி இரண்டு ஆண்டு பழசு; குமரிமுனையிலிருந்து வந்தது இரண்டு மூன்று நாள் பழசு. எதற்கு உடனே எழுந்து ஓடவேண்டியிருந்ததோ அந்தச் செய்தி எந்த ஊரிலிருந்து வந்ததோ அதுவே ஒருவருக்கு ஊர் ஆகிவிடுகிறது. தம் மொழி பாஸ்க், இவர்கள் மொழி மலபார், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை என்று 1544 ஜனவரிக் கடிதத்தில் எழுதியவர்தான் அவர். தமிழில் சரளமாகப் பேசும் அளவுக்கு அவர் ஒருபோதும் கற்கவில்லை. ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்திருந்தார். மொழி கைவராத ஊரும் ஊராகும் என்பதற்கு மான்சிலாஸ் கடிதங்களே சாட்சி.

இந்தக் கடிதங்கள் தப்பியது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். மொலுக்காசுக்குப் போகச் சொன்னபோது மான்சிலாஸ் போகவில்லை. கீழ்ப்படியாமைக்காக சவேரியார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட அந்த மனிதர் கொச்சியில் தங்கி, தமக்கு வந்த அந்தச் சிறு கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சவேரியார் இறந்த பிறகு புனிதர் பட்டத்துக்கான விசாரணை கொச்சியில் நடந்தபோது சாட்சியும் சொன்னார். மத்தேயுவின் பெயர் நமக்குத் தெரிவது அவரால்தான்.

1549 ஏப்ரலில் சவேரியார் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது ஊர்ச் செய்திக்காகக் காத்திருக்கும் திசைகள் இரண்டாகிவிட்டன. ரோம் ஒன்று, கோவாவும் முத்துக்குளித்துறையும் இன்னொன்று. கடற்கரைப் பொறுப்பிலிருந்த அந்தோனியோ கிரிமினாலி அதே ஆண்டு வேதாளையில் வடுகர் கையில் கொல்லப்பட்டார். தமிழ் எழுதவும் பேசவும் தெரிந்தவர், இருவர் வேலையை ஒருவர் செய்கிறார் என்று அந்த ஜனவரியில் இஞ்ஞாசியாருக்கு சவேரியார் புகழ்ந்து எழுதிய அன்றிக் அடிகளார், கடற்கரையின் பொறுப்பை ஏற்றார். இவையெல்லாம் நடக்கும்போது சவேரியார் கடலுக்கு அப்பால். ஜப்பானில் இருந்த இரண்டு ஆண்டுக்கு மேலான காலத்தில் இந்தியாவிலிருந்து கடிதம் வராததும் அவர் திரும்பியதற்கு ஒரு காரணம். திரும்பும் வழியில் 1551 டிசம்பரில் மலாக்காவில் கடிதங்கள் காத்திருந்தன. 1549 அக்டோபரில் இஞ்ஞாசியார் கையெழுத்திட்டு அனுப்பிய நியமனமும் அவற்றில் இருந்தது: இந்தியா சபையின் தனி மாநிலம், அதன் தலைவர் சவேரியார். அந்தப் பொறுப்பில் தாம் இருப்பதையே அவர் இரண்டு ஆண்டு தெரியாமல் இருந்தார்.

அந்தக் கடிதங்களில் ஒன்றின் கடைசி வரியில், எந்நாளும் உம்மை மறக்க இயலாதவன் என்ற கருத்தில் எழுதி இஞ்ஞாசியார் கையொப்பம் இட்டிருந்தார். 1552 ஜனவரி 29 அன்று கொச்சியிலிருந்து பதில் எழுதும்போது, அந்தச் சொற்களைக் கண்ணீரோடு படித்தேன், கண்ணீரோடுதான் இதையும் எழுதுகிறேன், கடந்துபோன காலம் நினைவுக்கு வருகிறது என்கிறார் சவேரியார். சாவதற்குமுன் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இஞ்ஞாசியார் எழுதியிருந்ததையும் குறிப்பிட்டு, அது தம் மனத்தில் ஏற்படுத்தியதைக் கடவுள் அறிவார் என்கிறார். மூன்று ஆண்டு முன்பு அதே கொச்சியிலிருந்து எழுதியபோது, நீங்கள் எதிரில் இருப்பதுபோல எண்ணி முழந்தாளிட்டபடி இதை எழுதுகிறேன் என்று முடித்தவர் அவர். மாநிலத் தலைவர் என்ற நியமனம் அந்தப் பையில்தான் வந்தது. பதிலில் அவரை அழவைத்தது கையொப்பத்துக்கு மேல் இருந்த ஒரு வரி.

இன்றைக்குத் தமிழகக் கடற்கரையிலிருந்து குருவானவர்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் பங்குப் பணியில் இருக்கிறார்கள். திசை திரும்பியிருக்கிறது, தாமதமும் போய்விட்டது. திருவிழாக் கொடியேற்றத்தைக் கைப்பேசியில் உடனுக்குடன் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் பங்குக் குழுவில் பொதுவாகப் போடும் செய்தியும், சாமியாருக்கென்று தனியாக ஒருவர் எழுதும் நாலு வரியும் வேறுவேறுதான். வாக்குவாதம் நடந்து சப்பரம் எங்கே நின்றது, வலைக்குப் போன யார் இன்னும் திரும்பவில்லை, நன்மை வாங்கிய பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தது என்பதெல்லாம் இந்த நாலு வரியில்தான் போகும். இஞ்ஞாசியார் சொன்ன உள்தாள் இன்னும் உயிரோடிருக்கிறது.

சவேரியாருக்குப் போன உள்தாள்களோ போயேபோயின. இயேசு சபை ஆவணங்களைப் பதிப்பித்தவர்கள் அசாத்தியமான உழைப்பாளிகள். இஞ்ஞாசியார் எழுதியவையும் அவர் பெயரில் எழுதப்பட்டவையுமாகச் சுமார் 7000 கடிதங்கள் 1903 முதல் 1911 வரை 12 தொகுதிகளில் வந்தன. சவேரியார் எழுதியவற்றில் 130க்கு மேற்பட்டவற்றை சூர்ஹாமரும் விக்கியும் 1944-45இல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். ஆனால் சவேரியாருக்கு எழுதப்பட்டவற்றில் ரோமில் படி எடுத்து வைக்கப்பட்ட ஒருசிலவே மிஞ்சியிருக்கின்றன. தோழர்கள் தனித்தனியே எழுதியவை இல்லை. எழுதியவர்களிடம் படி இல்லை. பெற்றவரோ வீடு இல்லாதவர், பெட்டி இல்லாதவர், தோணியிலும் கப்பலிலும் திரிந்தவர், கடிதத்தைப் படித்துப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர். ஆகவே ஆராய்ச்சியாளர் அவருடைய பதில்களை வைத்துக் கேள்வியை ஊகிக்கவேண்டியிருக்கிறது. சூர்ஹாமர் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு எழுதிய சவேரியார் வரலாற்றின் பல பக்கங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன: எந்தக் கப்பல் எந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கும், அதில் என்ன இருந்திருக்கும். ஒரு புனிதரின் வரலாற்றுக்கு இவ்வளவு கப்பல் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த மனிதரின் மகிழ்ச்சியும் துக்கமும் கப்பல் கணக்கில்தான் இருந்தன என்பதே பதில்.

அவருக்கு எழுதப்பட்டு மிஞ்சியவற்றில் கடைசிக் கடிதம் 1553 ஜூன் 28 தேதியிட்டது. கீழ்ப்படிதலின் பெயரால் ஆணையிடுகிறேன், முதல் வாய்ப்பிலேயே போர்த்துக்கலுக்குப் புறப்பட்டு வாருங்கள் என்று இஞ்ஞாசியார் எழுதுகிறார். காரணங்களையும் சொல்கிறார். இந்தியாவின் நிலையை அரசருக்கு நேரில் எடுத்துச்சொல்ல வேண்டும், திருத்தந்தைக்கும் சொல்ல வேண்டும், இந்தியாவுக்கு யாரை அனுப்பலாம் என்பதை ஆளைப் பார்த்துத் தேர்வுசெய்ய வேண்டும், எத்தியோப்பியப் பணிக்கு அரசரை ஊக்கப்படுத்த வேண்டும். இத்தனை ஆண்டுக் கடிதங்களால் முடியாததை நேரில் வந்து செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். சவேரியார் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்றே இறந்திருந்தார். ரோமில் யாருக்கும் அது தெரியாது. அந்த ஆண்டுக் கப்பல்கள் லிஸ்பனை விட்டுப் போய்விட்டதால் கடிதம் 1554 வசந்தத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1554 மார்ச்சில் அவர் உடல் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

சாங்சுவானில் கடைசி நாட்களில் உடனிருந்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர். காய்ச்சலில் சவேரியார் பிதற்றியதில் ஒரு மொழி தமக்குப் புரியவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பின்னர் அந்தோனி அந்த நாட்களை விவரித்து ஒரு கடிதம் எழுதினார். கோவாவிலும் மலாக்காவிலும் இருந்தவர்களும் ரோமுக்கு எழுதினார்கள். அவையெல்லாம் பிரதி எடுக்கப்பட்டு, காப்பகத்தில் வைக்கப்பட்டு, இன்று அச்சில் கிடைக்கின்றன.